ஒரு துளைக்கு ஒருத்தி

"அம்மா, மண்ணு கொதிக்குது!"

ஒற்றைக் கால் செருப்போடு ஓடி வந்து நின்றாள் மகள். ஐந்து வயது. மண் எங்கேயாவது கொதிக்குமா என்று சிரித்துக்கொண்டே போய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஊஞ்சலுக்கு அடியில், அவள் கால் தேய்த்துத் தேய்த்துப் புல் செத்துப்போன வழுக்கை மண்ணிலிருந்து வேலியோரம் வரைக்கும், கணுக்கால் உயரத்தில் தேனீக்கள். ஐம்பதா நூறா என்று கணக்குப் பிடிக்க முடியவில்லை. ஒன்றும் ஓரிடத்தில் நிற்காமல் தரையை ஒட்டியே வளைந்து வளைந்து பறந்துகொண்டிருந்தன. உலையில் தண்ணீர் தளதளப்பது போலத்தான் இருந்தது. அவளுடைய இன்னொரு செருப்பு அந்தக் கொதிப்பின் நடுவே கிடந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் மூன்று கட்சி. மாமா, அதாவது என் கணவரின் அப்பா, வந்து பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "மண்ணெண்ணெய ஊத்தி ஒரு குச்சியக் கிழிச்சுப் போட்டா அரை மணியில கதை முடிஞ்சுது. இதுக்குப் போயி மாநாடு போட்டுக்கிட்டு." மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்றார் கணவர். அதையும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே சொன்னார். அவர் வெளியே வராததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மூன்றாவது கட்சி நான். எனக்கு ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்றேன்.

தேனீமேல் இருந்த பாசத்தால் அல்ல. வேலி காய்ந்த மரம், அதன் பக்கத்தில் தீக்குச்சி என்றதுமே வயிற்றைக் கலக்கியது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றினால் அது எரிந்து தீர்ந்துபோவதும் இல்லை. மண்ணுக்குள் இறங்கி வேரைக் கருக்கும், இன்னும் கீழே போய்த் தண்ணீரில் கலக்கும். என் மகள் சிரட்டையில் அள்ளி அள்ளிச் சோறாக்கி விளையாடுவதும் அதே மண்ணைத்தான். மருந்துக்கும் அதே கதி. ஆகவே ஒரு நாள் கேட்டது முழுக்க முழுக்கச் சுயநலம்.

மறுநாள் காலை பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் பார்க்க நினைத்தது ஒன்றே ஒன்று: இது குளவியா, தேனீயா. தரைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் குளவிகள் உண்டு. அவை விளையாட்டு விஷயம் இல்லை. ஒரே ஒரு வாசல் இருக்கும், அதில் போவதும் வருவதுமாக ஓயாத நடமாட்டம் இருக்கும். கால் அதிர்ந்தாலே காவலுக்கு நிற்பவை பாய்ந்து வரும். பழைய எலி வளைக்குள் குடும்பம் நடத்தும் பம்பிள் தேனீக்களுக்கும் வாசல் அப்படித்தான். ஒரு துளை, பல பேர் என்று கண்டால் கிட்டப் போகக்கூடாது, நீங்களாக ஒன்றும் செய்யவும் கூடாது. அதை விவரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

எங்கள் கொல்லையில் கணக்கு தலைகீழாக இருந்தது. பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் எறும்புப் புற்று போல, ஆனால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, நொறுங்கிய மண் மேடு. எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் முப்பத்தொன்பது. அதற்கப்புறம் ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேனீ வெளியே போனது. இருபது நிமிடம் கழித்து ஒரு தேனீ திரும்பி வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் மஞ்சளாக, மாவில் புரட்டி எடுத்த மாதிரி. உள்ளே போனது. வேறு யாரும் அந்த வாசலுக்கு வரவில்லை. பக்கத்துத் துளையைப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். குளவியின் மொழுமொழுப்பும் ஒடிந்து விழுவது போன்ற இடுப்பும் இல்லை. மார்பெல்லாம் பழுப்பு ரோமம்.

ஒரு துளைக்கு ஒருத்தி. அவ்வளவுதான். முப்பத்தொன்பது துளை என்றால் முப்பத்தொன்பது தனிக்குடித்தனம். ராணி இல்லை, வேலைக்காரிகள் இல்லை, கூட்டுக் கருவூலம் என்று சேர்த்துவைத்த தேன் இல்லை. மண் பிடித்திருக்கிறது, வெயில் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள். அண்டை வீட்டுக்காரிகள் என்பதற்குமேல் ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. (சில இனங்களில் இரண்டு மூன்று பெண்கள் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு. அதிலும் உள்ளே அவரவருக்கு அவரவர் அறைதான் பெரும்பாலும்.)

தேனீ என்றதும் அடையும் ராணியும் நினைவுக்கு வருவது நம்முடைய பழக்கதோஷம். பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் உலகில் 20,000க்கும் மேல். அவற்றில் நமக்குத் தெரிந்தபடி தேனடை கட்டும் ஏபிஸ் இனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுக்குள் குடியிருப்பவை, பெரும்பாலும் தனித்தனியாக. யார் எதற்கு விதிவிலக்கு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதெல்லாம் சரி, மண்ணைக் கொதிக்க வைத்தவை எவை? அவை துளைக்குள் போகவே இல்லை. காலில் மஞ்சள் இல்லை. காலை முழுவதும் தரையை ஒட்டி ரோந்து சுற்றின, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உருண்டன. எல்லாம் ஆண்கள். மண்ணுக்குள்ளிருந்து பெண்களுக்குச் சில நாள் முன்னதாகவே வெளியே வந்துவிடுவார்கள். வந்து, பெண் ஒருத்தி தலைகாட்டமாட்டாளா என்று வாசல் வாசலாகச் சுற்றுவார்கள். அதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆண்களுக்குக் கொடுக்கும் கிடையாது. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு காலப்போக்கில் உருமாறி வந்தது, ஆணுக்கு அது எங்கிருந்து வரும்? எங்கள் குடும்பத்தையே வீட்டுக்குள் அடைத்துப்போட்ட அந்தப் பட்டாளத்தில் முக்கால்வாசிக்குக் கொட்டவே தெரியாது.

மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப எதுவுமே கொட்டாதுங்கிறியாம்மா?"

"பொண்ணு கொட்டும் மாமா. கையில புடிச்சு நசுக்கினா, இல்ல வெறுங்காலால மிதிச்சா."

"அதத்தான நானும் சொல்றேன். உம்புள்ள மிதிக்கத்தான போறா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கணவரின் விஷயமும் இங்கேதான் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் அவரை ஒரு சாதாரணத் தேனீ, அடை கட்டும் தேனீ, கழுத்தில் கொட்டியது. கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஒரு கை முழுக்க வீங்கினாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். இவருக்கு நடந்தது வேறு. பத்து நிமிடத்துக்குள் வயிற்றிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, உதடு தடித்தது, குரல் மாறியது, மூச்சு விசில் அடித்தது. கொட்டாத இடமெல்லாம் பேச ஆரம்பித்தால் அது வேறு நோய். வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. அன்றைக்கு மருத்துவமனைக்குப் போன வேகத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்கும். அதிலிருந்து வீட்டில் அட்ரினலின் ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். தொடையின் வெளிப்பக்கத்தில் குத்திவிட்டு, அப்புறமும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். ஒரு வகைத் தேனீயின் விஷம் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொரு வகை ஒன்றும் செய்யாது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

ஆகவே "இயற்கையோடு இணைந்து வாழ்வோம்" என்று கோலம் போடும் நிலையில் நான் இல்லை. ஆனால் அந்த அபாயத்தையும் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. அடைத் தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் சிக்கிக்கொள்ளும், அதோடு ஒரு மணமும் கிளம்பும், வாழைப்பழ வாசனை மாதிரி. "இங்கே வாருங்கள், இங்கேயே கொட்டுங்கள்" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் மணம் அது. பின்னால் பல்லாயிரம் பேரும் சேர்த்துவைத்த சொத்தும் இருப்பதால் அவை அப்படிச் சண்டைக்கு வருகின்றன. குளவிக்கூட்டில் கல்லெறிந்த கதை என்கிறோமே, அதற்குக் கூடு என்று ஒன்று இருக்க வேண்டும். தனியாகக் குடியிருப்பவளுக்கு அழைக்க ஆளில்லை. அவள் உயிர் போனால் அந்த வீடே நின்றுபோகும், அதனால் ஆபத்து வந்தால் பறந்துவிடுவதே அவளுக்கு லாபம். நாற்காலியை மூன்றடிக்கு நகர்த்திப் போட்டேன், துளைகளின் நடுவே நடந்தேன். முகத்துக்கு நேரே ஒன்றுகூட வரவில்லை.

அன்று இரவு குடும்பத்துக்கு மூன்று சட்டம். கொல்லையில் காலைமூடிய ஷூ இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. ஊஞ்சல் ஒரு மாதத்துக்கு வீட்டின் மறுபக்கம் போகும். கணவர் கொல்லைப் பக்கமே வரக்கூடாது, ஊசி சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். மாமா சட்டங்களைக் கேட்டுக்கொண்டார். மண்ணெண்ணெய் டப்பாவைப் பின்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். "சும்மா இருக்கட்டும்."

ஊஞ்சல் கம்பத்தைப் பிடுங்கியபோதுதான் அந்தத் தவறு நடந்தது. கம்பம் ஒரு பெரிய மண்கட்டியோடு பெயர்ந்து வந்தது. கட்டி உடைந்ததில் ஒரு வளை நெடுக்காகப் பிளந்து கிடந்தது. சாண் ஆழத்தில் வளையிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து ஒரு சின்ன அறை, சுண்டுவிரல் நுனி அளவு, முட்டை வடிவம். உட்சுவர் பளபளவென்று மெழுகு பூசினாற்போல் இருந்தது. உண்மையில் பூசியதுதான். தன் வயிற்றுச் சுரப்பியில் ஊறும் ஒரு நீரை நாக்கால் தடவித் தடவிச் சுவரை நனையாதபடி ஆக்கிவிடுவாள். கொலீட்டீஸ் என்ற இனத்தில் இந்தப் பூச்சு செலோபேன் காகிதம் போலவே உரித்தெடுக்க வரும். வேதியியல்படி அது ஒருவகைப் பாலியெஸ்டர். மழையில் மண் முழுக்க ஊறினாலும் உள்ளே ஈரம் இறங்காது, பூஞ்சை பிடிக்காது. நாம் தரையடி அறைக்கு நீர்க்கசிவு பார்க்கும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அறைக்குள் பட்டாணி அளவில் மஞ்சள் உருண்டை. மகரந்தத்தைப் பூந்தேனில் குழைத்துப் பிசைந்தது. அதன்மேல் வெள்ளையாக, அரைப்புள்ளியைக் கிடத்தினாற்போல, ஒரு முட்டை. ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுமைக்குமான சாப்பாடு அந்த ஓர் உருண்டைதான். அதைச் சேர்க்க எத்தனை முறை போய் வர வேண்டும்! உருண்டை பிடித்து, முட்டையிட்டு, வாசலை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தோண்டப் போய்விடுவாள். நல்ல வெயில் நாளில் ஓர் அறை முடித்தாலே பெரிய காரியம். நான்கைந்து வாரம்தான் அவள் வெளியுலக வாழ்க்கை. பிள்ளை முகத்தைப் பார்க்கமாட்டாள். புழு அந்த உருண்டையைத் தின்று வளர்ந்து, இருட்டில் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த பருவத்தில்தான் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

நான் உடைத்ததை ஒட்ட வைக்க முடியாது. முயன்றேன். இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து மண் போட்டேன். மகள் பக்கத்தில் நின்று, "அம்மா, அது செத்துடுமா?" என்றாள். செத்துவிடும் என்று சொன்னேன். அவளிடம் வேறென்ன சொல்ல.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை எங்கள் வீட்டில் "வாளி வழக்கு" என்று சொல்வோம். வேலியோரத்தில் கவிழ்த்துக் கிடந்த நீல வாளி ஒன்று இடைஞ்சலாக இருந்தது. எடுத்து நாலடி தள்ளி வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தேன். கால்மணி நேரத்தில் வாளியைச் சுற்றி ஏழெட்டுத் தேனீக்கள், எல்லாம் பெண்கள், கால் நிறைய மஞ்சள். வாளிக்கு இடப்பக்கம் வெற்றுத் தரையில் இறங்கும், மண்ணைப் பிறாண்டும், எழும்பும், மறுபடி இறங்கும். நாலடிக்கு அப்பால் அவற்றின் துளைகள் வாய் திறந்து கிடந்தன. கண்ணில் படவில்லை.

நெதர்லாந்தில் நிக்கோ டின்பெர்கன் செய்து 1932இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி எப்போதோ படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. தேனீக்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு ஊட்டும் ஒருவகைக் குளவி மணலில் வளை தோண்டும். அது உள்ளே இருக்கும்போது வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார் டின்பெர்கன். வெளியே வந்த குளவி சற்று நேரம் மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் பறந்தது. அது போனதும் காய் வட்டத்தை ஓரடி நகர்த்தி வைத்தார். இரையோடு திரும்பிய குளவி நேரே காய் வட்டத்தின் நடுவில் போய் இறங்கியது. அங்கே வாசல் இல்லை. அது வீட்டை அறிவது மணத்தால் அல்ல, சுற்றுப்புற அடையாளத்தால். இப்படிப்பட்ட பொறுமைக்குத்தான் 1973இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தச் சோதனை ஒரு பிளாஸ்டிக் வாளியில் இலவசமாக நடந்துவிட்டது. வாளியைக் கொண்டுபோய் பழைய இடத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு கொல்லையில் எதையும் நகர்த்தப் பயம் வந்துவிட்டது.

ஆனால் சிலவற்றை நகர்த்தித்தான் ஆக வேண்டும். முப்பத்தொன்பதில் முப்பத்தொன்று வேலியோரம். அங்கே யாருக்கும் வேலை இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஊஞ்சல் மண்ணில் எட்டு. அந்த எட்டையும் இனி கிளப்புவது வீண், அவர்கள் அறை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் கவலை இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி. இங்கேதான் காலம் பார்க்க வேண்டும். இடம் பார்க்கும் முதல் சில நாட்களில் மண் நனைந்திருந்தால் அவளுக்குப் பிடிக்காது, வேறிடம் போய்விடுவாள். தோண்டி முடித்த பிறகு தண்ணீர் ஊற்றினால் அவள் போகமாட்டாள், தொந்தரவு மட்டும்தான் மிச்சம். தினமும் விடிந்ததும், அவர்கள் கிளம்பும் முன்பே, எட்டுத் துளைகளையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பூவாளியால் நனைத்தேன். மகள் பாதி வேலை செய்தாள், அதில் பாதித் தண்ணீர் அவள் கவுனில். பிறகு நனைத்த இடம் முழுக்க நாலு விரல் கனத்துக்கு இலைச்சருகு பரப்பினேன். மண்தேனீக்கு வேண்டியது வெறும் மண், வெயில், வடிகால். இந்த மூன்றில் ஒன்றைக் கெடுத்தாலே அந்த இடம் பட்டியலில் இருந்து போய்விடும். அந்த வாரம் சருகுப் பக்கம் புதுத் துளை ஒன்றுகூட விழவில்லை.

துளையை மண்போட்டு அடைப்பது உதவாது. மாமா எனக்குத் தெரியாமல் இரண்டை அடைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டும் திறந்துவிட்டன, தோண்டுவதற்கென்றே பிறந்தவளிடம் அது செல்லுமா? வெந்நீர் ஊற்றுவது புல்லையும் மண்புழுவையும் சேர்த்து வேகவைக்கும். மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பூசணித் தேனீக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2021இல் வெளியானது. இமிடாகுளோபிரிட் மருந்தை நடவின்போது மண்ணில் இட்ட இடங்களில் அந்தத் தேனீக்கள் கட்டிய கூடுகள் 85 சதவீதம் குறைவு. மண்ணில் குடியிருப்பவளுக்கு மண்ணில் இடும் மருந்து தலைக்குமேல் விழும் மருந்து இல்லை, சுவரில் பூசிய மருந்து. அத்தனையும் செய்து இந்த வருடக் கூட்டத்தைக் கொன்றாலும் வழுக்கை மண் அப்படியேதான் இருக்கும். அடுத்த வருடம் வேறு யாராவது குடிவருவார்கள்.

நான் இப்படி ஈரம் அடித்து விரட்டிக்கொண்டிருக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டூஷி என்ற பள்ளத்தாக்கில் குதிரைமசால் என்ற தீவனப் பயிருக்கு விதை விளைவிக்கும் விவசாயிகள் இதுபோல மண்ணில் குடியிருக்கும் தேனீக்கு நிலம் ஒதுக்கிக் குடிவைக்கிறார்கள். அங்கே உவர்மண்ணில் குடியிருக்கும் ஒரு தேனீ உண்டு. அதற்கு மட்டும் அடிமண்ணில் ஈரம் வேண்டும், அதனால் நிலத்துக்கு அடியில் குழாய் போட்டு ஈரம் காட்டுகிறார்கள், மேலே உப்புத் தூவி மண்ணைப் பக்குவம் செய்கிறார்கள். குதிரைமசால் பூவுக்குள் மகரந்தத் தண்டு வில் போல மடங்கிக் கிடக்கும், தொட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். அடைத் தேனீக்கு அந்த அடி பிடிக்காது, பக்கவாட்டில் திருட்டுத்தனமாகத் தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மண்தேனீ அடியை வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கும். தக்காளி, கத்தரி போன்றவற்றின் மகரந்தப் பையோ மிளகுப்பொடி டப்பா மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை. பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் பொடி உதிரும். அந்த ரீங்காரமும் அடைத் தேனீக்கு வராது, மண்ணில் குடியிருப்பவர்களில் பலருக்கு வரும்.

என்னைக் கொட்டியதும் நடந்தது, மறைக்க வேண்டாம். மூன்றாம் வாரம், சருகைச் சரிசெய்ய மண்டியிட்டேன். முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒருத்தி சிக்கிக்கொண்டாள். சுருக்கென்றது, கொஞ்சம் எரிந்தது, ஒரு மணி நேரத்தில் அடையாளம்கூட இல்லை. கொடுக்கு தோலில் தங்கவில்லை. கொட்டுகளின் வலியை ஒப்பிட ஜஸ்டின் ஷ்மிட் என்ற பூச்சியியலாளர் தன் உடம்பையே அளவுகோலாக்கி ஒரு பட்டியல் போட்டார். 4 உச்சம். அதில் அடைத் தேனீக்கு 2, மண்ணில் குடியிருக்கும் வியர்வைத் தேனீக்கு 1. என் முழங்கால் அதை ஆமோதிக்கிறது. மாமா வாசலில் நின்று, "சொன்னேனா இல்லியா?" என்றார். டப்பாவைத் தொடவில்லை.

மகளுக்குத் தூக்கம் வராத ஒரு நாள் டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனோம். ஷூவோடுதான். துளைகளில் வெளிச்சம் அடித்தால் சிலவற்றில் வாசலை அடைத்தாற்போல ஒரு முகம் தெரிந்தது. பெண்கள் வீட்டில். வேலியோரம் காய்ந்த புல் தண்டு ஒன்றில் ஐந்தாறு ஆண்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கால் எதிலும் ஊன்றவில்லை, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு அப்படியே தூக்கம். பல இனங்களில் ஆண்களுக்கு வீடு கிடையாது, இரவெல்லாம் இப்படித்தான். "பாவம், பல்லு வலிக்காதா?" என்றாள். பகலில் நம்மை மிரட்டியவன் இவன்தான் என்று காட்டினேன். அதன்பின் அவளுக்குப் பயம் போய்விட்டது. உண்மையில் எனக்குத்தான் அதற்கப்புறம் வேறு கவலை, இவள் விரலால் தொட்டுப் பார்த்துவிடுவாளோ என்று.

அவள் கோபமெல்லாம் வேறு ஆட்கள்மேல் திரும்பியது. ரோமம் அடர்ந்த ஒரு ஈ வரும், பார்த்தால் தேனீ போலவே இருக்கும், அந்தரத்தில் நின்றபடியே முட்டைகளைத் துளைக்குள் சுண்டி எறியும். குயில்தேனீ என்று ஒரு சாதி, அதற்கு மகரந்தம் சேர்க்கும் ரோமக்கட்டே காலில் இல்லை. வீட்டுக்காரி வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து தன் முட்டையை வைத்துவிட்டு வந்துவிடும். பொரித்து வரும் குஞ்சுக்கு அரிவாள் போன்ற தாடை, முதல் வேலையே அறைக்குச் சொந்தமான பிள்ளையைத் தீர்ப்பதுதான். "அதுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊத்தலாமா தாத்தா?" என்று கேட்டாள். தாத்தாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கட்சிக்காரி கிடைத்தாள்.

ஐந்தாம் வாரம் ரோந்து நின்றது. ஆண்கள் எப்போது காணாமல்போனார்கள் என்று கவனிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். சிறகின் ஓரமெல்லாம் கிழிந்து நார்நாராக, மார்பு ரோமம் தேய்ந்து பளபளப்பாக ஒருத்தி, துளைக்கு அரையடி முன்னால் நடந்தே வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பறக்கவில்லை. அடுத்த மழையில் மண்மேடுகள் கரைந்து துளைகள் மூடிக்கொண்டன. கொல்லை பழையபடி வெறும் கொல்லை.

கணவர் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் படியில் இறங்கி நின்றார்.

"எல்லாம் போயிடுச்சா?"

"போகல. கீழ இருக்கு."

காலைக் குனிந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஊஞ்சல் பழைய இடத்துக்கு வந்தது. அடியில் புல் விதைத்தோம். மகளின் கால் அதைவிட வேகமாகத் தேய்த்தது. வேலியோரத்தை நான் கொத்தவில்லை, மூடவில்லை. நீல வாளி விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்த பிறகும் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று மாமா மாதம் ஒருமுறை கேட்டார்.

பருவம் திரும்பியது. ஒரு காலை, ஆறு வயதாகிவிட்ட மகள் இரண்டு ஷூவும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, பதினாலு."

"வேலிகிட்டயா?"

"இல்ல. ஊஞ்சல்கிட்ட."

மறந்தேபோயிருந்தேன். போன வருடம் விட்டுவைத்த எட்டுத் துளைகளின் பிள்ளைகள். பிறந்த மண்ணை விட்டு ரொம்ப தூரம் போகமாட்டார்கள். சருகு மக்கிப்போய் மண் மறுபடி வழுக்கையாகத்தான் கிடந்தது. போய்ப் பார்த்தேன், சின்னச் சின்னத் துளைகள், ஓரத்தில் மண்மேடு இல்லை. தோண்டிப் போன துளைகள் அல்ல, உள்ளிருந்து பிளந்து வந்த துளைகள். மேலே ஆண்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வர இன்னும் சில நாள் இருக்கிறது, அவர்கள் இடம் பார்ப்பதற்குள் மண் நனைந்துவிட வேண்டும்.

"பூவாளிய எடுத்துட்டு வா," என்றேன்.